இலவச விறகும் வண்டிப் பாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாய்ந்து கிடக்கும் மரத்தை உரியவரிடம் கேட்டு விறகுக்கு எடுத்துவருவது நல்ல காரியம். ஆனால், வண்டியில் இடமிருக்கிறதே என்று பச்சை மரத்தை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. அப்போதுதான் வெட்டிய கடின மரம் கன மீட்டருக்கு 1,000 கிலோ வரைகூட இருக்கும். ஒரு டன் தாங்கும் வண்டி, தொட்டி நிறையும் முன்பே திணறும். பாரம் பின் அச்சுக்கும் பின்னால் போனால் முன்சக்கரப் பிடி தளர்ந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். கனத்த கட்டைகளை கேபினை ஒட்டி அடுக்கி, பெல்ட் போட்டு இறுக்குங்கள்.

இரு முனையும் தாங்கலில் இருக்க, நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்தே முழுக்க அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு செயின்சா (சங்கிலி ரம்பம்) சிக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். சங்கிலி மண்ணில் பட்டால் உடனே மழுங்கும். சீவலுக்குப் பதில் மாவாகத் தூள் கொட்டினால் உருண்டை அரம் போடும் நேரம் அது.

பலகைகளில் எச்சரிக்கை தேவை. பச்சை சாயம் ஏறிய பழைய வெளிப்புறப் பலகையில் ஆர்செனிக் இருக்கலாம்; அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. ‘எம்பி’ (MB) முத்திரையிட்ட பேலட்டுகள், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள், மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லி வாயு ஏற்றப்பட்டவை. இரண்டையும், இலவசமாகவே கிடைத்தாலும், தயவுசெய்து அடுப்பருகே கொண்டுவராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்