சூத்திரத்துக்கு முன்னால் ஹெல்மெட்டை எண்ண விடுங்கள்

உளவியலுக்கும் சமூகப்பணிக்கும் புள்ளியியல் தாளை வகுக்கிற, நடத்துகிற, கேள்வித்தாள் எடுக்கிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் உங்கள் மாணவர்களுக்குத்தான் நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கடலூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமிருந்து பஸ் ஏறியும் வருகிறார்கள், பெரும்பாலும் இந்தத் தாளில் அரியர் வைத்தவர்கள். மக்குகள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து எண் கொடுத்தால் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்கிற அளவு) போட்டுவிடுவார்கள், சூத்திரம் மனப்பாடம். வந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால்தான் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பத்து எண் யாருடையது, எதை அளந்து வந்தது, யார் அளந்தார்கள் என்று கேள்வித்தாளிலேயே கிடையாது, அவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்?

மனிதர்கள் நடந்துகொள்வதை அளக்கக் கற்றுத்தரும் தாள் இது என்றால் முதலில் எதையாவது அளக்க விடுங்கள். சூத்திரம் அப்புறம் வரட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆல்பேட்டை பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு மாணவர்களை ஆளுக்கொரு தாளோடு உட்கார வையுங்கள். புதுச்சேரி சாலையில் போகிற இருசக்கர வண்டிக்காரர்களில் யார் ஹெல்மெட் போட்டிருக்கிறார், யார் போடவில்லை என்று எண்ணட்டும். கொஞ்ச நேரத்திலேயே இருவருக்கும் சண்டை வரும். தலையில் இருக்கிறது, ஆனால் வார் மாட்டவில்லை, இது போட்டதா இல்லையா? ஒருவருக்கு முழங்கையில் தொங்குகிறது, இன்னொருவருக்குப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுகிறவர் போட்டிருக்கிறார், பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையும் வெறுந்தலை, இதை ஒரு ‘ஆம்’ என்று எழுதுவதா, ஒரு ‘ஆம்’ இரண்டு ‘இல்லை’ என்று எழுதுவதா? கட்டட வேலைக்குப் போகிறவர் மஞ்சள் தொப்பியோடு போகிறார், அதை என்ன செய்வது? சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் டேங்கிலிருந்து தலைக்கு ஏற்றுகிறார் ஒருவர், அவரை ஏற்றுவதற்கு முன் பார்த்தவன் ஒன்று எழுதுகிறான், பின் பார்த்தவள் வேறொன்று எழுதுகிறாள். இதெல்லாம் போதாதென்று, தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் இவர்களையே ஏதோ போலீஸ் ஏற்பாடு என்று நினைத்து அவசரமாக மாட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

செயல்முறை வரையறை, அதாவது எதை எண்ணுவது எதை விடுவது என்று முன்கூட்டியே தெளிவாக வகுத்துக்கொள்வது, என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வைக்கிறீர்களே, அது இந்தச் சண்டைதான். பார்க்கிறவர் இருப்பதாலேயே பார்க்கப்படுகிறவரின் நடத்தை மாறிவிடும் என்பதும் அந்த மஞ்சள் தொப்பிக்காரரும் ஒருமுறை கண்ணெதிரே வந்துவிட்டால் பிறகு மறக்காது.

இப்போது அந்த இரண்டு தாளையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். நூறு வண்டியில் 90க்கு இருவரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரவாயில்லையே என்றுதான் தோன்றும். ஆனால் இருவருமே நூற்றுக்கு 80 பேர் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தால், அந்த எண்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கெங்கோ டிக் அடித்திருந்தாலும் சராசரியாக 68 இடத்தில் ஒத்துப்போயிருக்கும் (0.8ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.64, 0.2ஐ 0.2ஆல் பெருக்கினால் 0.04, இரண்டையும் கூட்டினால் 0.68). தற்செயலுக்கு மேல் ஒத்துப்போக மீதி இருந்தது 32 இடம், இவர்கள் பிடித்தது அதில் 22, ஏறக்குறைய 0.69. 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த கப்பா என்ற அளவு இதுதான். சண்டை போட்ட பிள்ளைக்கு இந்தக் கணக்கு உடனே ஏறுகிறது.

அடுத்தது ப்ராஜெக்ட். இதைச் சொல்லாமல் விட முடியாது. ‘கடலூர் மாவட்ட இளைஞர்களின் கைப்பேசிப் பயன்பாடும் மன அழுத்தமும்’ என்கிற மாதிரித் தலைப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும், “ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டே நிமிஷம்” என்று. நிரப்புகிறவர்கள் எல்லாம் ஒரே விடுதி, மிஞ்சினால் அத்தை பெண்ணும் அவள் தோழிகளும். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிற பையனும் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்ணும் அதில் இல்லை, மாவட்டம் மட்டும் தலைப்பில் இருக்கிறது. பாதிப் பேர் எல்லாக் கேள்விக்கும் நடுவில் இருக்கிற 3ஐத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு ‘சராசரி 3.42’ என்று அட்டவணை வரும்.

‘மிகவும் ஒத்துக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ஐந்து படியாகக் கேட்கும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்தார். எண் என்றால் எல்லாம் ஒரே எண் இல்லை, பெயருக்கு வைக்கிற எண், வரிசைக்கு வைக்கிற எண், சம இடைவெளி உள்ளது, உண்மையான பூஜ்யம் உள்ளது என்று நான்கு வகை உண்டென்று எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் எழுதினார். படிகளுக்கு வைத்த எண்ணைக் கூட்டிச் சராசரி எடுக்கலாமா என்பது இன்றுவரை தீராத வழக்கு. வழக்கு இருக்கிறது என்பதையாவது மாணவருக்குச் சொல்லலாம் இல்லையா? நான்கு அளவுகோல்களையும் விளக்குக என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுவிட்டு, அதே மாணவர் ப்ராஜெக்டில் அதை மறந்தால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கைப்பேசித் தலைப்பையே வைத்துக்கொண்டு வேறு மாதிரி செய்யலாம். நேற்று எத்தனை நிமிடம் போன் பார்த்தாய் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள், பிறகு போனின் அமைப்புகளைத் திறந்து அதுவே வைத்திருக்கும் கணக்கை எழுதச் சொல்லுங்கள். சொன்ன எண்கள் தாளில் மேலிருந்து கீழாக ஒரு பத்தி, நடந்தது பக்கத்தில் இன்னொரு பத்தி. விடிய விடியப் படம் பார்த்த ஒருவன் வகுப்பின் சராசரியை எப்படி இழுக்கிறான், இடைநிலை (எண்களை வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது) ஏன் அசையவில்லை என்று அங்கேயே காட்டலாம். இரண்டு பத்திக்கும் ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து கூடுகிறது என்கிற அளவு) போட்டுப் பாருங்கள். நன்றாகவே வந்தாலும் வரும், ஆனால் எல்லோரும் ஒரே அளவு குறைத்துச் சொல்லியிருந்தாலும் ஒட்டுறவு நன்றாகத்தான் வரும்! ஒட்டுறவு வேறு, ஒத்துப்போவது வேறு என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சொந்த எண்ணில் பார்க்கும்போதுதான் “அட” என்கிறார்கள்.

அதே இரண்டு பத்தியில் இணை டி சோதனையும் வந்துவிடும், ஒரே ஆளின் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதானா என்று பார்க்கிற சோதனை அது. சின்ன மாதிரிகளுக்கான இந்தச் சோதனையின் அடிப்படையை 1908இல் எழுதிய கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர், கம்பெனி தடையால் சொந்தப் பெயரில் எழுத முடியாமல் ‘ஸ்டூடன்ட்’ என்று போட்டுக்கொண்டார். புதுச்சேரிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கதையை வகுப்பில் சொல்லாமல் விடுவது அநியாயம்.

பி மதிப்பு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘0.05க்குக் கீழே வந்தது, ஆகவே என் கருதுகோள் 95 சதவீதம் உண்மை’ என்று எழுதிய ப்ராஜெக்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், டிக் போட்டுத் திருப்பித் தந்தவை. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, கருதுகோள் உண்மையா என்று அது சொல்வதில்லை. 2015இல் உளவியல் ஆய்வுகள் நூற்றைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு வெளியானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் அந்த 0.05 என்கிற எல்லைக்குக் கீழே வந்தவை, திரும்பச் செய்தபோது அப்படி வந்தது 36 சதவீதம்தான். மறு வருடம் அமெரிக்கப் புள்ளியியல் கழகம் பி மதிப்பைப் பற்றித் தனி அறிக்கையே விட்டது. நம் மாணவர்கள் உளவியலுக்குள் நுழைவது இதற்கெல்லாம் பிறகு.

நேரம் எங்கே, போர்ஷன் முடிய வேண்டாமா என்பீர்கள். நியாயம்தான். ஊகச் சராசரி முறையை எடுத்துவிடுங்கள், ஒரு எண்ணைச் சராசரியாக ஊகித்துவிட்டுப் பிறகு திருத்துகிற அது கையால் பெருக்கிக் கஷ்டப்பட்ட காலத்துக் குறுக்குவழி, இப்போது ஜமோவி, ஜாஸ்ப், ஆர் என்று மென்பொருள் எல்லாம் இலவசம். வகுப்புக்குள் ஹெல்மெட் கதை வந்தாலும் தேர்வில் பழைய பத்து எண்தான் என்றால் மாணவர் பத்து எண்ணைத்தான் படிப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் கேள்வித்தாளில் இருந்து தொடங்குங்கள். நம் நாட்டுப் புள்ளியியல் மேதை மகாலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஐப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம், கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் வந்துவிடும், டீக்கடை பெஞ்சுக்கு அனுப்ப அதைவிட நல்ல நாள் கிடையாது.

மாதிரிக்கு ஒரு கேள்வி தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “ஒரு பேருந்து நிலையத்தில் வரிசையை மீறி ஏறுகிறவர்களை எண்ண வேண்டும். ‘மீறுவது’ என்று எதைக் கொள்வீர்கள்? எந்த நேரங்களில், எங்கே நின்று எண்ணுவீர்கள்? இரண்டு பேர் எண்ணி வேறுபட்டால் என்ன செய்வீர்கள்? (10 மதிப்பெண்)”

திருத்துவது கொஞ்சம் கஷ்டம், தெரியும். விடைக்குறிப்பு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் அரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவர்