சாயப்பட்டறைக்கு என்ன பலகை?

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் நெருங்கினால் திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகள் செட்டாக வந்து இறங்கும். சுவர் காலியாக இருக்கும் இடத்தில் ஏறும். ‘பாதுகாப்பே முதல் கடமை’ தவறாமல் இருக்கும். படித்தவர் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

ஆர்டர் கொடுக்குமுன் சரக்கு போகிற வழியிலேயே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஹைட்ரோஸ் (சாயவேலைக்கான சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள்) அடுக்கிய குடோனில் ‘ஜாக்கிரதை’ என்று எழுதிப் பயனில்லை. ஈரம் பட்டாலே அது சூடேறி, சல்ஃபர் டை ஆக்சைடு நச்சுவாயுவைக் கக்கித் தானாகப் பற்றிக்கொள்ளும். பதறி ஓடிவருகிறவர் முதலில் தூக்குவது தண்ணீர் வாளியைத்தான். எனவே அங்கே தேவை, ‘தண்ணீர் ஊற்றாதே’ என்று சொல்லும் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். காஸ்டிக் சோடா கலக்கும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறைக்கு நீல வட்டம். நீலம் என்றால் ‘செய்’, சிவப்பு வட்டம் என்றால் ‘செய்யாதே’. ‘கண்ணாடி அணியவும்’ என்பதைச் சிவப்பில் அச்சடித்தால் படம் ஒன்று சொல்லும், நிறம் வேறொன்று சொல்லும்.

கழிவுநீர்த் தொட்டியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ‘அனுமதியின்றி இறங்காதே’ என்பதை மூடியின் மேலேயே பெயின்டால் எழுதிவிடுகிறார்கள். மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்ததும் எழுத்து தரையைப் பார்க்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுவாயு தேங்கிய குழி அறிவிப்பே இல்லாமல் திறந்து கிடக்கிறது. பலகை தொட்டி ஓரத்தில் தனிக் கம்பத்தில் நிற்கட்டும். வெளியேறும் வழிக்கும் இதேதான்: கதவில் ஒட்டாமல் நிலைக்கு மேலே மாட்டுங்கள்.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு. பார்க்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் பலகையின் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். ஏ4 ஸ்டிக்கர் சுமார் 11 மீட்டர் வரை தாங்கும். 20 மீட்டருக்குச் சதுரப் பலகையின் ஒவ்வொரு பக்கமும் 45 செ.மீ. வேண்டும்.

பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே (பிரிவு 108) சொன்னது. அதற்காக நான்கு மொழிகளைத் திணித்தால் எழுத்து எறும்பாகிவிடும். படம் பெரிதாக, தமிழும் இந்தியும் போதும். ஒடியாக்காரர் அதிகமுள்ள ஷிஃப்டில் ஒடியா.

நீராவி அடிக்கும் சுண்ணாம்புச் சுவரில் ஸ்டிக்கர் நிற்காது, திருகிய தகடுதான் நிற்கும். காஸ்டிக் பக்கம் மட்டும் அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும். பிவிசி ஷீட் போடலாம். இருட்டில் ஒளிரும் வகை, விளக்கே போடாத குடோனில் ஒளிராது; அதற்கு முதலில் வெளிச்சம் குடிக்க வேண்டும். நாள் முழுக்க நனையும் தரையில் ‘ஈரத் தரை’ பலகை வீண்செலவு. அந்தக் காசில் வழுக்காத பூட்ஸ் வாங்கலாம்.

மாட்டியதோடு வேலை முடியாது. தீயணைப்பான் ரீஃபில்லுக்குப் போயிருக்கும், அம்புக்குறி வெறும் கொக்கியைக் காட்டிக்கொண்டிருக்கும். மாற்று சிலிண்டர் தொங்கும்வரை அந்தப் பலகையை மூடிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்