வியட்நாம் சண்ட 1965ல ஆரம்பிச்சது இல்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல வந்த வியட்நாம் போர் கட்டுரைய படிச்சேன். நல்லா தான் இருந்துச்சு, ஆனா 1965ல அமெரிக்கப் படை தா நாங் கடற்கரையில எறங்குறதுல ஆரம்பிச்சு 1975ல தெற்கு வியட்நாம் தலைநகரம் சைகோன் விழுந்ததோட முடிச்சுட்டீங்க. கம்யூனிசம், எதிர்ப்புன்னு எல்லாமே சித்தாந்த சண்டன்னும் எழுதிட்டீங்க. இன்டர்வெல்லுக்கு அப்புறம் தியேட்டருக்குள்ள போன மாதிரி ஆயிடுச்சு.

கம்யூனிசம்னா என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே அந்த நாட்டு விவசாயிக்கு பிரெஞ்சுக்காரன்னா யாருன்னு நல்லா தெரியும் சார். 1858ல பிரெஞ்சு கப்பல் வந்து குண்டு போட்டதும் இதே தா நாங்ல தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மொத்த நாட்டையும் முழுங்கிட்டு உப்பு, சாராயம், அபின் மூணும் சர்க்கார் தான் விக்கணும்னு ஆக்கிட்டாங்க. உப்பு எடுக்கறவனே சர்க்காருக்கு கம்மி வெலைக்கு போட்டுட்டு கூட காசு கொடுத்து திரும்ப வாங்கணும், இது எந்த ஊரு நியாயம். இதுல நம்மாளுங்க பங்கும் இருக்கு, மறைச்சு என்ன ஆகப்போகுது. சைகோன்ல வட்டிக்கு விட்டது செட்டியாருங்க, பிரெஞ்சு ஆபீஸ்ல கிளார்க், போலீஸ், வரி வசூல்னு உக்காந்தது புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இருந்து போனவங்க.

அடுத்து 1944-45 பஞ்சம். கட்டுரையில இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. ஜப்பான் படையும் பிரெஞ்சு நிர்வாகமும் சேந்து வடக்குல நெல்ல கறந்துட்டாங்க, நெல்லு போடற எடத்துல சணல் போடச் சொன்னாங்க, தெக்க இருந்து அரிசி வர்ற ரயில் பாதைய அமெரிக்க விமானம் குண்டு போட்டு அறுத்துடுச்சு, மேல வெள்ளம் வேற. செத்தவங்க 4 லட்சம்ங்கறாங்க, 20 லட்சம்ங்கறாங்க. அந்த நேரத்துல அரிசி கிடங்க ஒடைச்சு ஜனங்களுக்கு எடுத்துக் கொடுத்தது வியட் மின் ஆளுங்க, அதாவது கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் நடத்துன விடுதலை இயக்கம். ஜனங்க அவங்க பின்னாடி போனது மார்க்ஸ் படிச்சுட்டா, வயித்துக்கு சோறு பாத்துட்டு.

1945 செப்டம்பர் 2 அன்னைக்கு ஹனாய்ல ஹோ சி மின் சுதந்திரம் அறிவிச்சப்ப முதல்ல சொன்னதே அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல இருக்கற வரிய தான். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு ஒதவி கேட்டு எழுதியும் பாத்தார், பதிலே வரல. பிரான்ஸ் திரும்ப வந்து ஒக்காரப் பாத்துச்சு, 1946 நவம்பர்ல ஹைபோங் துறைமுகத்த போர்க்கப்பல் வெச்சு அடிச்சாங்க, சண்ட மூண்டுடுச்சு.

அந்த சண்டையில பிரெஞ்சுக்காரன் கடைசியா தோத்த மலைப்பக்க எடம் தியன் பியன் பூ. அதப் பத்தி படிக்கறப்ப எனக்கு எப்பவும் வியட் மின் ஆளுங்க சாமான் தூக்கிட்டுப் போன அந்த சைக்கிளுங்க தான் கண்ணு முன்னாடி நிக்கும். ஹேண்டில்பார்ல ஒரு மூங்கில கட்டி வெளிய நீட்டிக்கணும், சீட்டுகிட்ட இன்னொரு கம்ப நட்டுக்கணும், 200 கிலோவுக்கு மேல அரிசியும் குண்டும் ஏத்தி, மிதிக்கறது எல்லாம் கிடையாது, பக்கத்துல நடந்தே தள்ளிட்டு மலைக்காட்டுக்குள்ள ராத்திரி ராத்திரியா போகணும். அந்த மலைக்கு எவன் பீரங்கி ஏத்தப்போறான்னு பள்ளத்துல முகாம் போட்டாங்க பிரெஞ்சு தளபதிங்க. 1954 மே 7 அன்னைக்கு முகாம் விழுந்துடுச்சு.

அதுக்கப்புறம் சண்டைய நிறுத்தப் போட்ட ஜெனிவா ஒப்பந்தப்படி நாட்ட வடக்கு, தெக்குன்னு பிரிச்ச 17வது அட்சரேகை கோடு வெறும் தற்காலிகம் தான், 1956 ஜூலையில ரெண்டு பக்கமும் சேத்து தேர்தல். மேற்பார்வை கமிஷனுக்கு தலைமையே இந்தியா தான். சண்ட நடந்தப்பவே ஓட்டு வெச்சிருந்தா 80 சதவீதம் பேர் ஹோவுக்கு போட்டிருக்கலாம்னு அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஐசன்ஹோவரே பின்னாடி எழுதினார். தெக்க ஆட்சி பண்ண ஙோ தின் தியம் தேர்தல் முடியாதுன்னுட்டார், அமெரிக்கா அவர் பக்கம் நின்னுச்சு. அன்னைக்கு ஓட்டுப்பெட்டிய வெச்சிருந்தா மிச்சத்துல பாதி நடந்திருக்காதுன்னு தான் நான் நெனைக்கறேன்.

அதுக்காக வடக்குல இருந்தவங்க உத்தமருன்னு சொல்ல வரல. நிலச் சீர்திருத்தம்னு சொல்லி ஆயிரக்கணக்குல கொன்னாங்க, தப்பு நடந்துடுச்சுன்னு 1956ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 8 லட்சம் பேருக்கு மேல வடக்க விட்டு தெக்க ஓடினாங்க, அதுல கத்தோலிக்கர் தான் அதிகம். 1975க்கு அப்புறமும் தோத்த பக்கத்து ஆளுங்கள முகாம்ல அடைச்சாங்க, லட்சக்கணக்கானவங்க ஓட்டப் படகுல கடல்ல குதிச்சாங்க. 1979 பிப்ரவரியில எல்லைய தாண்டி வந்து வியட்நாம அடிச்சது யாருன்னு பாருங்க, கம்யூனிஸ்ட் சீனா! ரெண்டு பக்கமும் செங்கொடி. எல்லாம் சித்தாந்த சண்டன்னு உங்க கட்டுரை சொல்றதுல இத எங்க வெக்கறது?

அமெரிக்கா தரப்புல 58,000 பேர் செத்தத கட்டம் கட்டி போட்டிருக்கீங்க. வியட்நாம் பக்கம் 30 லட்சம்னு அந்த அரசாங்கமே 1995ல சொல்லிருக்கு, அது எங்கயும் இல்ல. அடுத்த வாரம் தொடரும்னு போட்டிருக்கறதால அந்த கணக்கையும் 1945 பஞ்சத்தையும் அதுல சேத்துடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்