ஒன்பதாவது கேள்வி

பாப்பா,

உன் ஆய்வுக்கான வினாத்தாள் வந்தது. கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். வேலை அதிகம் போல. மூன்று தடவை படித்தேன். என்னிடம் ஆய்வு செய்த யாரும் முதல் வரைவையே இவ்வளவு கச்சிதமாகக் கொண்டுவந்ததில்லை.

ஆனால் வரிசையை மாற்று. தனிமை பற்றிய 20 கேள்விகளையும் முன்னால் வைத்துவிட்டு, பிறகுதான் 'மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறது' என்கிறாய். இருபது தடவை தனிமையை நினைத்தவர் அந்த நினைப்போடுதான் பதில் சொல்வார். 1988-இல் ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ் மூவரும் கல்லூரி மாணவர்களிடம் மகிழ்ச்சியைக் கேட்டுவிட்டு டேட்டிங் பற்றிக் கேட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. டேட்டிங்கை முதலில் கேட்டதும் தொடர்பு 0.66-க்கு ஏறிவிட்டது. பொதுக் கேள்வி முன்னால், குறிப்பான கேள்வி பின்னால்.

மனச்சோர்வு நோயை ஒன்பது கேள்விகளில் அளக்கும் பிஎச்கியூ-9-இல் இரண்டாவது கேள்வி மனம் துவண்டிருப்பது, நான்காவது உடம்பு களைத்திருப்பது. நீ இரண்டுக்கும் 'சோர்வு' போட்டிருக்கிறாய். ஒன்றையே இரண்டு தடவை அளந்து கூட்டினால் மதிப்பெண் வீங்கும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல், தானே பிடிபடும். சுயமதிப்பை அளக்கும் ரோசன்பெர்க் அளவுகோலில் பத்தில் ஐந்து எதிர்மறை. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்ப மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆல்ஃபா சரியும். சரிந்தால் கேள்வியை நீக்காதே, முதலில் திருப்பினாயா என்று பார்.

பிஎச்கியூ-9-இன் ஒன்பதாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்று கேட்பது அது. ஒருவர் 1, அதாவது 'சில நாட்கள்', குறித்தாலே போதும், தரவெல்லாம் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பேச வேண்டும். நீ பெயரில்லாமல் வாங்குகிறாய், யாரைத் தேடிப் போவாய்? தொடர்பு எண்ணைத் தனித்தாளில் குறியீட்டோடு வாங்கு. முடியாவிட்டால் அந்தக் கேள்வி இல்லாத பிஎச்கியூ-8 இருக்கிறது, அதை வை. எப்படியானாலும் உதவி எண் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். வருஷா வருஷம் வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன்.

அத்தை எதுவும் சொல்லவில்லை. நீ அவளிடம் பேசினாய் என்பது மட்டும் தெரியும். என்னிடம் பேசாததற்குக் காரணம் இருக்கும்.

வரிசையை மறந்துவிடாதே, பொதுக் கேள்வி முன்னால்.

அடையாளம் பற்றிய பகுதியில் உளவியலாளர் மார்சியாவின் 1966 கட்டுரையிலிருந்து நான்கு நிலைகளையும் சரியாகவே எழுதியிருக்கிறாய். மூன்றாவதை, தேடிப் பார்க்காமலே முடிவில் நிலைத்துவிட்டவர்களை, விளக்கும் இடத்தில் ஒரு வரி: 'பெற்றோர் தேர்ந்ததைத் தன் தேர்வு என்று எண்ணுபவர்.' அந்த வரியில் திருத்த ஒன்றுமில்லை. அன்றைக்கு உன் விண்ணப்பத்தை வாங்கி, பாடத்தின் பெயரை நானே நிரப்பினேன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேறு சொல்லியிருப்பாய் என்று அப்போதே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது, பாப்பா. படிப்பை நடுவில் நிறுத்துவதானாலும் நான் குறுக்கே வரமாட்டேன்.

வினாத்தாளை ஊருக்குக் கொடுக்கும் முன் நீ ஒரு தடவை நிரப்பிப் பார். முழுதும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்விகள் போதும்: கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகம், அமைதி, சுறுசுறுப்பு, விழிக்கும்போது தெளிவு, நாளில் பிடித்த ஏதாவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி, நான்கால் பெருக்கு. 50-ம் அதற்குக் கீழும் என்றால் என்ன என்று உனக்கே தெரியும். விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம், அந்த எண்ணை மட்டும் அனுப்பு. எந்த நேரமானாலும் போன் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்பா