ஆலமரத்தில் கட்டிய இளங்கொடி

அம்மணிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

போன ஆடியில் நம் செவலைப் பசு ஏழாம் மாதத்திலேயே கன்று வீசியது, குறைப்பிரசவம். இளங்கொடி விழவில்லை, நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிவிட்டது. நான்தான் வெறுங்கையால் எடுத்தேன். வழக்கம்போல அப்பா அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல். சாயங்காலமானால் கொதிக்கும், விடிந்தால் வேர்த்து ஊற்றும், இடுப்பு விட்டுப்போகும். டைபாய்டு என்று ஒரு மாதம் வைத்தியம் பார்த்தார்கள். நான்காவதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "வீட்டில் மாடு இருக்கிறதா? கன்று வீசியதா?" என்று கேட்டார். மாட்டுக்கு ஊசி போட வந்தவரும் அதுவரை என்னைப் பற்றிக் கேட்டதில்லை. ரத்தத்தில் புருசெல்லா என்று வந்தது, கன்று வீசிய மாட்டிடமிருந்து மனுசருக்குத் தொற்றுகிற கிருமி. ஆறு வாரம் மாத்திரை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். செவலை எங்கே என்று நீ கேட்டபோது அப்பா பேச்சை மாற்றினாரே, அதைத்தான் சொல்ல வந்தேன். இனி சினை நிற்காது என்று, எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே சந்தையில் விற்றுவிட்டோம். வாங்கியவர் தாராபுரம் பக்கமாம். அங்கேயும் என்னைப்போல ஒருத்திதானே பால் கறப்பாள்? ராத்திரியில் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நீ சொன்ன மால்டா தீவு விஷயம் மனதிலேயே நிற்கிறது. டேவிட் புரூஸ் என்ற டாக்டர் 1887இல் அங்கே இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தும், அது ஆட்டிடமிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆனது என்றாய். ஆடுகள் பார்க்க நன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லையாம். செவலையும் அன்றைக்குச் சந்தையில் மினுமினுவென்றுதான் நின்றது.

அதனால் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாடுகளுக்கு ரத்தம் எடுக்க ஊர் ஊராகப் போகும்போது, மாட்டைப் பார்த்ததும் கிளம்பிவிடாதே. சாணி அள்ளுகிற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று கேள். ஆம்பளைகள் எதிரில் சொல்லமாட்டாள். கன்று வீசிய மாட்டை விற்றீர்களா என்றும் கேள், ஆனால் அதட்டாதே. நஷ்டம் தாங்காமல்தான் விற்கிறார்கள்.

இப்போதெல்லாம் இளங்கொடியை மரத்தில் கட்டுவதில்லை, கையில் உறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கிறோம். அப்பத்தாவுக்கு வருத்தம்தான். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிப்பதில்லை. கிடாரிக் கன்றுக்கு ஐந்து மாதம் ஆகிறது. நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் இந்த நோய்க்கு ஒரே தடவை போடுகிற தடுப்பூசி என்றாயே, அதற்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறோம். அந்த மருந்தில் இருப்பதும் உயிருள்ள கிருமிதானாம். நீ போடும்போது கையில் குத்திக்கொள்ளாதே, சாமி.

பட்டிப்பொங்கலுக்கு வந்துவிடு. செவலையை வாங்கினவர் எந்த ஊர் என்று அதற்குள் தரகரிடம் விசாரித்து வைக்கிறேன். நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அம்மா