மெட்டமைத்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினச் சிறப்பிதழில் வந்த திரைப்பட தேசபக்திப் பாடல்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் இந்தப் பாடல்களின் கதையை 1992-இல் வந்த 'ரோஜா' படத்திலிருந்து தொடங்கியதும், கர்நாடக இசை சபாவுக்குள்ளேயே இருந்துவிட்டது, நாட்டுப்பற்றைப் பாடியது சினிமாவின் மெல்லிசைதான் என்று எழுதியதும் சரியில்லை. நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு.

சினிமாவுக்கு முன்பே நாடக மேடை இதைச் செய்துவிட்டது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் கட்டம் உண்டல்லவா, நடிகர் விஸ்வநாததாஸ் வெள்ளைக் கொக்கு பறப்பதாகப் பாடினால் அது வெள்ளைக்காரன்தான் என்று கொட்டகைக்கே தெரியும். போலீஸுக்கும் தெரியும், பலமுறை சிறைக்குப் போனார். பாடலை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

அப்புறம் 1939-இல் கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'. சம்பு சாஸ்திரியாக நடித்தவர் கர்நாடக இசைக் கீர்த்தனைகளை இயற்றிய பாபநாசம் சிவனேதான். 'தேச சேவை செய்ய வாரீர்' என்று அதில் பாடியவர் கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாள். அடுத்த ஆண்டே அரசு படத்தைத் தடை செய்தது. காதல் பாட்டு பாட மாட்டேன், பக்திப் பாட்டும் தேசபக்திப் பாட்டும் என்றால் சரி என்பது பட்டம்மாளின் கொள்கை. கச்சேரி வித்வான்கள் ஸ்டூடியோ வாசலை மிதிக்கத் தயங்கிய காலத்தில் அவரை உள்ளே அழைத்து வந்தது தேசபக்திப் பாட்டுதான். ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வந்தது. சுதந்திரம் கிடைக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்ற பாரதி வரியைப் பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். மெட்டு ஆர். சுதர்சனம்.

பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை அப்போது ஏவி.எம். அதிபர் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கே போட்டார். பிறகு 1949-இல் அரசு கேட்டபோது அதே மெய்யப்பன் பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையாசிரியர் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பாட்டு ஒன்று உண்டு. தேசபக்திப் பாட்டு அல்ல, ஆனால் பாரதி பாட்டு: 'சின்னஞ்சிறு கிளியே'. இன்று அதைக் கச்சேரியின் கடைசிப் பகுதியில் பாடும் சிறு உருப்படியாக, அதாவது துக்கடாவாக, பல ராகங்கள் கோத்த ராகமாலிகையில் பாடுகிறார்கள். மாமிகள் கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள். அது 1951-இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் போட்ட மெட்டு; எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது. சினிமாவிலிருந்து சபாவுக்குப் போன மெட்டு! மறு ஆண்டே இளம் வயதில் மறைந்த சுப்பராமனின் பெயரை மேடையில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? பாரதியே மெட்டோடு கொடுத்துவிட்டுப் போனதுபோல் அல்லவா பாடுகிறார்கள்.

1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' பாடல்களுக்கும் இதே கதிதான். 'என்று தணியும் இந்த சுதந்திர தாகம்' என்பது ஒரு கேள்வி. ஜி. ராமநாதன் அதைக் கேள்வியாகவே விட்டார். திருச்சி லோகநாதனின் குரல் கெஞ்சும், ஏங்கும், அதட்டாது. சமீபத்தில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சிறுவன் இதே பாட்டைப் பாடினான். பின்னால் டிரம்ஸ் இடிக்க, நடுவர்கள் எழுந்து நின்று தாளம் தட்ட, 'என்று' வரும் இடத்திலெல்லாம் கையை உயர்த்திக் கோஷம் போட்டான். பையனைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுத்தது அப்படி. திரையில் ஓடிய எழுத்தில் பாரதியார் பெயர் இருந்தது. ராமநாதனும் இல்லை, லோகநாதனும் இல்லை.

வானொலியில் அந்நாளில் படம், பாடல் இயற்றியவர், இசை, பாடியவர் என்று நான்கையும் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழல விடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்ததே அப்படித்தான். உங்கள் கட்டுரையோடு வந்த பாடல் பட்டியலில் படமும் ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது பாடியவர், மெட்டமைத்தவர் பெயர்களோடு அதைத் திரும்ப வெளியிட்டால் நல்லது. 1992-க்கு முந்தைய பாடல்களையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்