மார்பகப் புற்றுநோயும் மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வுகளும்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சிக் கழகத்தாருக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் செல்களின் பெருக்கத்தில் மைக்ரோ ஆர்என்ஏக்களின் பங்கை ஆராயும் திட்டங்களுக்கு நிதி வழங்கும்போது, ஒரே ஒரு செல் வரிசையில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் ஒரே மூலத்துச் செல்களில்) கிடைத்த முடிவைப் போதுமான சான்றாக ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகளே நீளமுள்ள இம்மூலக்கூறுகள், புரதம் உருவாக்குவதற்கான செய்தியை மரபணுவிலிருந்து ஏந்திவரும் தூது ஆர்என்ஏவுடன் இணைந்து புரத உற்பத்தியைக் குறைக்கின்றன. விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது இவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான். மார்பகப் புற்றுநோயில் மிகுந்து காணப்படும் மிர்-21 என்னும் மைக்ரோ ஆர்என்ஏ, பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பிடென் புரதத்தைக் குறைத்துச் செல்களின் வளர்ச்சிக்கு வழிவிடுகிறது. மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவதும் பெரும்பாலும் இந்த எடுத்துக்காட்டுதான். ஆனால் எல்லா மைக்ரோ ஆர்என்ஏக்களும் இத்தனை நேராக நடந்துகொள்வதில்லை.

மிர்-10பியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகக் கட்டிகளில் இதன் அளவு இயல்பான திசுவைவிடக் குறைந்திருப்பதாக 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஈராண்டுகளுக்குப் பின் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகமோ, பிற உறுப்புகளுக்குப் பரவும் இயல்புடைய செல்களில் அதே மூலக்கூறு மிகுந்திருப்பதையும், டுவிஸ்ட் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு அது ஹாக்ஸ்-டி10 என்னும் மற்றொரு புரதத்தின் உற்பத்தியை அடக்குவதையும், அதனால் செல்கள் அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவுவதையும் கண்டறிந்தது. செல்களின் பெருக்க வேகத்தை அது கூட்டவில்லை என்பதே இதில் முக்கியம். பெருக்கத்தை மட்டும் அளந்திருந்தால், மிர்-10பி தீங்கற்றது என்றே முடிவுகட்டியிருப்பார்கள்.

பரவலாகப் பயன்படும் எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல் வரிசை, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தை உடையது. நம் நாட்டிலோ அந்த ஏற்பியே இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகை, மேலை நாடுகளைவிட அதிக விகிதத்தில் காணப்படுகிறது. அந்நோயாளிகளுக்கு எம்சிஎஃப்-7இல் கிடைத்த விடை எவ்வளவு தூரம் பொருந்தும்?

ஆகவே, குறைந்தது இரு வகைச் செல் வரிசைகளிலும், உரிய ஒப்புதலுடன் பெறப்பட்ட நம் நோயாளிகளின் திசுக்களிலும் சோதித்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்பதை நிதிக்கான நிபந்தனையாக்குங்கள். செல் வரிசையின் அடையாளச் சோதனையும் கட்டாயமாகட்டும். மார்பகப் புற்றுநோய்ச் செல்லாகப் பல்லாண்டுகள் கையாளப்பட்ட எம்டிஏ-எம்பி-435, மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் செல் வரிசையோடு ஒத்துப்போனது பின்னர்தான் தெரியவந்தது. இரத்த மாதிரிகளில் மைக்ரோ ஆர்என்ஏக்களை அளப்பவர்கள் சிவப்பணுச் சிதைவைச் சோதித்துப் பதிவுசெய்யட்டும். சிதைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் மிர்-16, மிர்-451 ஆகியவை அளவீட்டையே புரட்டிவிடும்.

இவற்றுக்குச் செலவும் காலமும் கூடும் என்பதை அறிவேன். அதற்கேற்ப ஒவ்வொரு திட்டத்துக்கும் நிதியையும் கால அளவையும் உயர்த்தித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மூலக்கூறு உயிரியல் ஆசிரியர் ஒருவர்